பேசினால் கழன்றுவிடும் காதடைப்பான்

இன்று காலை கடையைத் திறந்ததும், துறைமுகத்தில் ஹாப்பரடியில் வேலை பார்க்கும் ஒருவர் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போனார். சில வருடங்களுக்கு முன் நான் செய்துகொடுத்த ஒரு ஜோடி காதடைப்பான்கள் அதில் இருந்தன. ஓரம் கிழிந்துவிட்டதாம், புதிதாக வேண்டுமாம். மூடியைத் திறந்தேன். நிலக்கரித் தூள், தேங்காயெண்ணெய், வியர்வை, காதழுக்கு எல்லாம் சேர்ந்த ஒரு வாடை வந்தது. சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள் என்று எத்தனை தடவை சொன்னாலும் ஒருத்தராவது கேட்டால்தானே! முகத்தைச் சுளித்துக்கொண்டே மறுபடியும் முகர்ந்து பார்த்தேன். நீ என் நாற்காலியில் வந்து உட்காரும்போது அறை முழுக்க வருமே, அதே வாடை.

உனக்கு எழுதுவதெல்லாம் என் வழக்கமில்லை. நீ இருந்த காலத்தில் உனக்கு நான் எழுதியது ஒன்றே ஒன்றுதான். எட்டாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையில், துண்டுத் தாளில், 'நாலாவது கணக்கைக் காட்டுலே' என்று. அதற்கும் நீ காட்டவில்லை. உனக்கே அது தெரியாது என்று பிறகு சொன்னாய். இப்போது நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. உன்னிடம் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் டப்பாவை அப்படியே திறந்து வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

பள்ளிக்கூடம் முடிந்ததும் நான் மெட்ராஸுக்கு ரயிலேறினேன், நீ உன் அப்பாவோடு சங்கு குளிக்க வள்ளம் ஏறினாய். சளி பிடித்த உடம்போடு தண்ணீருக்குள் இறங்காதே என்று உன் அப்பா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆனால் அது சங்கு நன்றாகக் கிடைத்த வாரம். கரையில் உட்கார உனக்கு மனசு வரவில்லை. கீழே போகப்போக, மூக்கைப் பிடித்து எவ்வளவு ஊதியும் காது விடவில்லை. உள்ளே 'டப்'பென்று ஒரு சத்தம், அப்புறம் வெந்நீர் ஊற்றினது போல ஒரு சூடு. மேலே வந்தபோது கழுத்து வரை ரத்தம். சீழ் வைத்து மாதக்கணக்கில் ஒழுகி, அந்த இடது காது செத்தே போயிற்று. இந்தக் கதையை நீ சிரித்துக்கொண்டே சொல்வாய். கேட்கிறவர்களுக்குத்தான் காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றும்.

அதற்குப் பிறகு கடலை விட்டுவிட்டுத் துறைமுகத்துக்குப் போனாய். நானோ மெட்ராஸில் காது கேட்கும் கருவி விற்கும் கடையொன்றில், கருவி காதில் பொருந்தி நிற்பதற்கான அச்சு செய்கிறவனாகப் பத்துப் பதினைந்து வருடம் ஓட்டினேன். ஒருநாள் அந்த ஊரும் அந்த முதலாளியும் சலித்துப்போய் ஊருக்கு வந்து, மார்க்கெட் பக்கம் ஒரு தையல்கடை மாடியில் அறை எடுத்தேன். பெயர்ப் பலகையை மாட்ட ஏணி பிடித்தவன் நீ. ஏணியைப் பிடித்துக்கொண்டு, "கோணலா இருக்குலே, வலது பக்கம் தூக்கு" என்று தெருவே கேட்கக் கத்தினாய். பலகை இன்றைக்கும் கோணலாகத்தான் இருக்கிறது.

முதல் ஒரு வருடம் அந்த மாடிக்கு ஆளே வரவில்லை. காது மந்தமான பெரியவர்கள் யாராவது வாரத்துக்கு ஒருவர் மூச்சு வாங்கப் படியேறி வருவார்கள். கீழே இருந்த தையல்கடை அண்ணாச்சி, "தம்பி, பேசாம என்கூட வந்து காஜா எடு" என்பார். பாதி கேலி, பாதி நிஜம். மெட்ராஸ் முதலாளி வேறு, 'உன் இடம் காலியாகத்தான் இருக்கிறது' என்று போன் போட்டுக்கொண்டிருந்தார். அதையும் உன்னிடம் சொன்னேன். எதைத்தான் உன்னிடம் சொல்லவில்லை!

அப்படியொரு நாளில்தான் நீ வந்து உட்கார்ந்தாய். எப்போதும்போல் வலது காதை என் பக்கம் தள்ளிக்கொண்டு உட்கார்ந்தாய். அன்று உன் சிரிப்பில் ஒரு குறை இருந்தது. ஹாப்பரடியில் உனக்கு வேலை. கப்பலிலிருந்து கிரேன் வாளி நிலக்கரியை அள்ளிவந்து ஹாப்பர் என்கிற அந்தப் பெரிய இரும்புத் தொட்டியில் கொட்ட, அடியில் வந்து நிற்கும் லாரிகளை நீ கத்திக் கத்தி முன்னே பின்னே நகரவைக்கவேண்டும். நாள் முழுக்க இரும்பில் கல் மோதும் சத்தம். துறைமுகத்தில் நடந்த காதுப் பரிசோதனையில், உன் வலது காதிலும் மெல்லிய சத்தங்கள் குறைய ஆரம்பித்திருக்கின்றன என்று சொல்லிவிட்டார்கள்.

"அங்கன குடுக்காங்கல்லா மஞ்சப் பஞ்சு பிளக்கு, அது என் காதுல நிக்க மாட்டேங்குலே," என்றாய். "உருட்டி வச்சா உருண்டு விழுந்திருது. ஒரு காதக் கடலுக்குக் குடுத்தாச்சு. மிச்சம் ஒண்ணையாவது வீட்டுக்கு வச்சுக்கிடணும்ல."

வீட்டுக்கு என்று நீ சொன்னது மதினிக்காக. உன் மனைவி மெதுவாகப் பேசுகிறவர். குசினிக்குள் நின்று மீன் உரசிக்கொண்டே வீட்டு விவகாரம், கோயில் விவகாரம், பக்கத்து வீட்டு விவகாரம் எல்லாவற்றையும் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருப்பார். நீ முன்னறையில் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, வலது காதைக் குசினிப் பக்கம் வைத்துச் சாய்ந்து கிடந்து 'ம்' கொட்டுவாய். நான் பார்த்திருக்கிறேன். நாள் முழுக்க அந்த இரைச்சலில் நின்றவனுக்கு அந்த ஒரு மணி நேரம்தான் கூலி.

உன் காதுக்கென்றே ஒன்று செய்துதருகிறேன் என்றேன். காது என்பது சட்டை மாதிரி இல்லை, பெரிசு, நடுத்தரம், சிறிசு என்று மூன்று அளவில் அடக்கிவிட. துளை ஒருவருக்கு வட்டமாக இருக்கும், ஒருவருக்கு நீளமாக இருக்கும். ஒருவருக்கு உள்ளே போனதும் மேலே ஏறும், இன்னொருவருக்குப் பின்னால் திரும்பும். ஒரே ஆளின் இரண்டு காதும்கூட ஒன்றுபோல் இருக்காது. விளக்கு வைத்துப் பார்த்தேன். உன்னுடையது குறுகலாகப் போய்ச் சட்டென்று திரும்பியது. பஞ்சுப் பிளக்கு அந்தத் திருப்பத்தில் முட்டிக்கொண்டு வெளியே வந்திருக்கிறது.

"இடதுக்கும் எடுக்கட்டுமா?" என்று சும்மா கேட்டேன். சவ்வு கிழிந்த காதில் அச்சு எடுக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும்.

"செத்த காதுக்கு எதுக்குலே தலகாணி?" என்றாய்.

நூல் கட்டின சிறு பஞ்சை உள்ளே வைத்து, அச்செடுக்கும் இரண்டு மாவைப் பிசைந்து ஊசிக்குழாயில் அடைத்து, உன் காதை நிரப்பினேன். இறுகுவதற்கு ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடமும் உன்னால் சும்மா இருக்க முடியவில்லை. வாயைத் திறக்கப் போவாய், நான் உதட்டில் விரல் வைத்து முறைப்பேன். "வாய அசைக்காதலே, அச்சு கெட்டுரும்!" என்று உன் தொடையில் ஒரு அடிகூடப் போட்டேன். மெட்ராஸில் அப்படித்தான் பழகியிருந்தேன். அங்கே வந்தவர்களெல்லாம் பெரியவர்கள், பொம்மை மாதிரி உட்காருவார்கள். அச்சை வெளியே எடுத்துக் காட்டியபோது, "இதென்னலே, உரிச்ச இறால் மாதிரி இருக்கு" என்றாய். அந்த இறாலை வைத்து நான் உனக்கு நீல நிறத்தில் ஒரு சிலிக்கான் காதடைப்பான் செய்தேன். மாட்டிவிட்டு உன் பின்னால் நின்று எவர்சில்வர் தட்டைத் தட்டினேன். நீ திரும்பவே இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த மண்டைக்கனத்தோடுதான் உன் கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரியைப் போய்ப் பார்த்தேன். அவர் நல்ல மனிதர். "ஒருத்தர் மூணு மாசம் போட்டுப் பார்த்துச் சொல்லட்டும். சரியா இருந்தா ஹாப்பரடி ஆட்கள் எல்லாருக்கும் எடுத்துருவோம்," என்றார். அந்த ஒருத்தர் நீதான் என்று நானே சொன்னேன். வாரா வாரம் அது எப்படி இருக்கிறது என்று நீ ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். வாரா வாரம் நீயும் 'நன்றாக உள்ளது' என்று எழுதினாய். நான் கேட்டாலும் அதே பதில்தான். "சூப்பரா இருக்குலே. பூசை முடிஞ்ச கோயில் மாதிரி கம்முன்னு இருக்கு." ஒவ்வொரு தடவையும் நான் தையல்கடை அண்ணாச்சிக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தேன்.

மூன்று மாதம் கழித்து மறுபடியும் பரிசோதனை வைத்தார்கள். காது மருத்துவரின் அறையில் பரிசோதனை செய்த பெண் வரைபடத்தை என் கையில் கொடுத்தார். முன்பு லேசாகச் சரிந்திருந்த கோடு இப்போது நன்றாகவே கீழே இறங்கியிருந்தது. பாதுகாப்பாக இருந்திருக்கவேண்டிய காது, அந்த மூன்று மாதத்தில்தான் அதிகமாகக் கெட்டிருக்கிறது.

அப்போது நான் என்ன செய்தேன் என்பதை நீ மறந்திருப்பாய். நான் மறக்கவில்லை. வராந்தாவில் நோயாளிகள் உட்கார்ந்திருக்க, அத்தனை பேர் முன்னாலும் உன்னைத் திட்டினேன்.

"ஒழுங்கா மாட்டியிருக்க மாட்ட நீ! வெத்தல போடுத மும்முரத்துல கழட்டிப் பையில போட்டிருப்ப. என் மானத்த வாங்கிட்டியேலே!"

நீ லேஞ்சியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாய். "ஆமாலே, சில நேரம் மறந்திருதேன்," என்றாய். அவ்வளவுதான். ஒரு எதிர்ப்பேச்சு இல்லை. உன்னிடமிருந்து எதிர்ப்பேச்சு வராததே ஒரு அதிசயம், அது அப்போதே எனக்கு உறைத்திருக்கவேண்டும். என் புத்தி எங்கே மேயப்போயிருந்ததோ!

இவன் எப்போது கழற்றுகிறான் என்று கையும் களவுமாகப் பிடிக்கத்தான் பாஸ் வாங்கிக்கொண்டு துறைமுகத்துக்கு வந்தேன். ஹெல்மெட்டும் போட்டு, ஒரு லாரிக்குப் பின்னால் நின்றுகொண்டேன். உனக்குத் தெரியாது. வாளி மேலே வந்து வாயைத் திறந்தது. தரையே அதிர்ந்தது. நீ கையை வீசி, "தள்ளுலே! தள்ளு தள்ளு! நிப்பாட்டு!" என்று கத்தினாய். கத்தி முடித்ததும் உன் விரல் காதுக்குப் போய் அழுத்தியது. அடுத்த லாரி வந்தது. நீ கத்தினாய், விரல் போய் அழுத்தியது. மறுபடியும் கத்தினாய், மறுபடியும் அழுத்தினாய். வேர்வையைத் துடைக்கிறவன் மாதிரி, யோசிக்காமலே செய்துகொண்டிருந்தாய். நீ ஒரு தடவைகூடக் கழற்றவில்லை. அதுவாகக் கழன்றுகொண்டிருந்தது. நான் அங்கே நின்ற ஒரு மணி நேரமும் நீ அதை உள்ளே தள்ளிக்கொண்டேதான் இருந்தாய்.

அங்கேயே நின்று என் காதுக்குள் என் சுண்டுவிரலை விட்டு வாயைத் திறந்து மூடிப் பார்த்தேன். தாடை அசைய அசைய, காதின் உள்சுவரும் அசைந்தது. வாய் திறக்கும்போது துளை அகன்றது. அட மடையா! இதைத் தொழில் கற்ற இடத்தில் சொல்லித்தான் தந்திருப்பார்கள். எனக்குத்தான் ஏறவில்லை. வாயை மூடி உட்கார்ந்தவனின் காதுக்கு அளவெடுத்துவிட்டு, நாள் முழுக்கக் கத்துகிறவனிடம் அதைக் கொடுத்திருக்கிறேன். அதுவும் நம் ஊரில்! சும்மா தெருவில் நலம் விசாரித்தாலே சண்டை போடுவது மாதிரிப் பேசுகிற ஊரில்!

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வெள்ளைச் சட்டையோடு நீ மாடிக்கு வந்தாய். துறைமுகத்தில் உன்னைப் பார்த்ததை நான் சொல்லவில்லை. "புதுசா ஒரு முறை கண்டுபிடிச்சிருக்கேன். இந்தத் தடவ நீ வாய மூடவே கூடாது. ஹாப்பரடியில கத்துத மாதிரியே கத்தணும்," என்றேன்.

"ஒனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சாலே?" என்றாய். ஆனாலும் மாவை அடைத்ததும் ஆரம்பித்துவிட்டாய். "தள்ளுலே! நிப்பாட்டுலே! ஏ, கண்ணு எங்கல இருக்கு!" அறை கிடுகிடுத்தது. தையல்கடை அண்ணாச்சி அளவுநாடாவைக் கழுத்தில் போட்டபடி, "என்னப்பா, அடிதடியா?" என்று படியேறி ஓடிவந்தார். நான் சைகை காட்டி அவரைக் கீழே அனுப்பினேன். நீயும் சிரித்துக் களைத்துப்போனாய். பேச்சை நிறுத்தாதே என்று கையால் காட்டினேன். என்ன பேச என்று நீயும் கையால் கேட்டாய். எதையாவது பேசு என்று சைகை காட்டினேன்.

அப்போது உன் இடது காது ஏற்கெனவே செத்தது. வலதை நான் அடைத்திருந்தேன். உனக்கு வெளிச்சத்தமே கிடையாது. உனக்குக் கேட்காததால் எனக்கும் கேட்காது என்று நினைத்தாயோ என்னவோ, சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு, வாய்க்குள்ளேயே பேச ஆரம்பித்தாய்.

"இவன்ட்ட எப்படிச் சொல்ல... கழலுதுன்னு மொத வாரமே தெரியும். சொன்னா அந்த ஆபீசர் வேணாம்னுருவாரு. இவன் கடையப் பூட்டிருவான். பூட்டினா திரும்ப மெட்ராசுக்குப் போயிருவான். போனான்னா இந்தத் தடவ வரமாட்டான். ஒரு மூணு மாசம்தானலே, தாங்காதா இந்தக் காது... இப்ப என்ன, மொத்தமாவா போச்சு. பாதி இருக்குல்லா."

நான் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஐந்து நிமிடம் எப்போதோ முடிந்துவிட்டது. எடுக்கக் கை வரவில்லை. நீ பேசிக்கொண்டே இருந்தாய், பிறகு நீயாக நிறுத்தினாய். அச்சைத் திருகி வெளியே எடுத்தேன்.

"என்னலே முணுமுணுத்த?" என்று கேட்டேன்.

"செபம் சொன்னேன்," என்றாய்.

நானும் சரியென்று விட்டுவிட்டேன்.

அந்த அச்சு முதல் அச்சு மாதிரி வழவழப்பாக இல்லை. திருப்பத்துக்கு அப்பால் ஒரு பக்கம் உப்பியிருந்தது. அதிலிருந்து செய்த காதடைப்பான் பார்க்க அசிங்கமாக இருந்தாலும் நீ என்ன கத்தினாலும் அசையவில்லை. அதிகாரியிடம் போய், முதலில் செய்தது தப்பு, தப்பு என்னுடையது என்று சொன்னேன். அவர் இன்னொரு மூன்று மாதம் கொடுத்தார். இந்தத் தடவை வேறு நான்கு பேரையும் சேர்த்துக்கொண்டேன். உன் காது இருந்த இடத்திலேயே நின்றது. அதற்குப் பிறகு ஹாப்பரடி ஆட்கள் ஒவ்வொருவராக வந்து என் நாற்காலியில் உட்கார்ந்து கத்தினார்கள், தையல்கடை அண்ணாச்சி பழகிப்போனார். என் கடை நிலைத்தது. உன் காது அதற்கு மேல் கெடவில்லை. ஆனால் போன பாதி போனதுதான், அது திரும்பி வருகிற சரக்கு இல்லை.

அதிகாரியிடம் சொன்னேன் பார், தப்பு என்னுடையது என்று. உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நான் கேட்டது உனக்குத் தெரிந்துவிடும், உனக்குக் கூச்சமாகப் போய்விடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதெல்லாம் பூச்சு. எனக்கு வெட்கமாக இருந்தது, அதுதான் உண்மை. வராந்தாவில் உன்னைத் திட்டினதற்கு மன்னிப்புக் கேட்கக்கூட நாக்கு எழவில்லை. இன்னும் எவ்வளவோ வருடம் இருக்கிறது, ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். ஒரு காலையில் காப்பித் தம்ளரைக் கையில் வாங்கினவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய் என்று போன் வந்தது. நான் வந்தபோது உனக்கு வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்கள்.

முப்பதாம் நாள் செபத்துக்கு உன் வீட்டுக்கு வந்திருந்தேன். ஆட்கள் எல்லாரும் போனபிறகு மதினி முன்னறைக் கதவடியில் வந்து நின்றார். கையில் ஈரம் சொட்டியது. பாத்திரம் கழுவுகிற பாதியில் வந்திருக்கிறார். என்ன மதினி என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல தம்பி. குசினியில இருந்து சொன்னா கடசியில அவ்வோளுக்குக் கேக்காதுல்லா. ஒண்ணு ஒண்ணுக்கும் இங்கன வந்து நின்னு மொகத்தப் பாத்துத்தான் சொல்லுவேன். அந்தப் பழக்கம். இப்பயும் ஏதாச்சும் தோணிச்சுன்னா வந்து நின்னுருதேன். வந்து நின்னப்பறம்தான் ஆளு இல்லன்னு தெரியுது."

சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார். எனக்கு அந்த இடத்தில் உட்காரவும் முடியவில்லை, எழுந்து வரவும் முடியவில்லை. அந்தக் குசினிக்கும் கதவுக்கும் நடுவே உள்ள தூரம் முழுக்க நான் செய்த வேலை. வழவழவென்று, அழகாக, நீல நிறத்தில் நான் செய்த வேலை.

இப்போதெல்லாம் யாராவது 'நல்லா இருக்கு அண்ணாச்சி' என்றால் நான் நம்புவதில்லை. பாஸ் வாங்கிக்கொண்டு அவர்கள் வேலை செய்யும் இடத்துக்கே போகிறேன். ஹாப்பரடி, மில், படகு கட்டும் பட்டறை என்று எங்கேயாக இருந்தாலும் ஓரமாக நின்று, கை காதுக்குப் போகிறதா என்று பார்க்கிறேன். தெரிந்தவர்கள், வேண்டியவர்கள் என்றால் இரண்டு தடவை போகிறேன். சொந்தக்காரப் பையன் ஒருவன், "ஒங்களுக்கு யாரு மேலயும் நம்பிக்கயே கெடையாது மாமா" என்று சலித்துக்கொண்டான். ஆமாம், அன்பாக இருக்கிறவன் பேச்சில் எனக்கு நம்பிக்கை கிடையாதுதான்.

உன் செபத்தை நான் கேட்டேன்லே. ஒரு சொல் விடாமல் கேட்டேன். நீ செய்ததற்கு நன்றி சொல்வதா, அழுவதா என்று இந்த ஒரு வருடமாகத் தெரியவில்லை. இன்றைக்கு இந்த டப்பாவைத் திறந்தபிறகு ஒன்று தெரிகிறது. எனக்கு உன்மேல் கோபம். கொல்லுகிற கோபம். ஒரே ஒரு தடவை, அந்த முதல் வாரத்திலேயே, 'நல்லா இல்லலே' என்று நீ சொல்லியிருக்கலாம். என் முகம் சுருங்கியிருக்கும். இரண்டு நாள் உன்னோடு பேசாமல் இருந்திருப்பேன். அவ்வளவுதானலே.